பாகிஸ்தானில் கிறிஸ்தவர்களுக்கு என்னதான் குறை?

கேள்வி இது: "பாகிஸ்தானில் சர்ச்சுகள் இருக்கின்றன, டிசம்பர் 25 அரசு விடுமுறை, ஒரு கிறிஸ்தவர் சுப்ரீம் கோர்ட் தலைமை நீதிபதியாகவே இருந்திருக்கிறார், நாடாளுமன்றத்தில் சிறுபான்மையினருக்குத் தனி இடங்களும் உண்டு. அப்புறம் சம உரிமை இல்லை என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?"

நீங்கள் சொன்ன நான்குமே உண்மைதான். ஆனால் ஒவ்வொன்றையும் கொஞ்சம் சுரண்டிப் பார்க்க வேண்டும். விடுமுறையையே எடுத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் 25 ஜின்னா பிறந்த நாள், அதனால்தான் நாடு முழுக்க விடுமுறை. மறுநாள் 26ஆம் தேதிக்கு அரசு அறிவிப்பில் 'கிறிஸ்தவர்களுக்கு மட்டும்' என்று போட்டிருப்பார்கள். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, நல்ல ஏற்பாடுதான். ஆனால் பாகிஸ்தான் கிறிஸ்தவர்களின் நிலையே ஏறக்குறைய இந்த விடுமுறைப் பட்டியல் மாதிரிதான். அவர்களுக்கென்று ஒதுக்கித் தருவது நிறைய உண்டு, எல்லோரோடும் சேர்த்துத் தருவதுதான் குறைவு. கும்பிட விடுவது வேறு, சமமாக நடத்துவது வேறு. முன்னது பெரும்பாலும் இருக்கிறது. பின்னது சட்டத்திலேயே பாதிதான், தெருவில் அதைவிடக் குறைவு.

முதலில் இவர்கள் யார் என்று தெரிந்தால்தான் மற்றது புரியும். 2023 கணக்கெடுப்பின்படி 33 லட்சம் பேர், மக்கள்தொகையில் 1.37 சதவீதம், பெரும்பாலோர் பஞ்சாபில். வெள்ளைக்காரன் விட்டுப்போன கூட்டம் என்று சிலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அங்கேயும் அப்படிப் பேசுகிறவர்கள் உண்டு. உண்மையில் இவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்த மண்ணின் அடித்தட்டுச் சாதிக்காரர்கள். 1873இல் சியால்கோட் பக்கம் தித்து என்ற கால் ஊனமுற்ற தோல் வியாபாரி ஞானஸ்நானம் பெற்றார். அவர் ஊர் ஊராகப் போய்ச் சொந்தபந்தங்களிடம் பேசப் பேச, சூஹ்ரா என்று ஒதுக்கிவைக்கப்பட்ட சாதியில் ஆயிரக்கணக்கானவர்கள் அவர் பின்னால் போனார்கள். குப்பை அள்ளுவதும் செத்த மாட்டைத் தூக்குவதும் அவர்கள் தலையில் கட்டப்பட்ட வேலை. மதம் மாறினார்கள், வேலை மாறவில்லை, பெயரும் மாறவில்லை. இன்றைக்கும் பஞ்சாபில் கிறிஸ்தவரைத் திட்ட வேண்டும் என்றால் அந்தச் சாதிப்பெயரைத்தான் சொல்வார்கள். ஆகவே இது வெறும் மதப் பிரச்சினை என்று எடுத்துக்கொண்டால் பாதிதான் பிடிபடும், மதத்தின் அடியில் சாதி உட்கார்ந்திருக்கிறது. நம்மூரில் இரட்டைக் குவளை என்றால் என்ன என்று தெரிந்தவர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை.

நீங்கள் சொன்ன தலைமை நீதிபதி ஆல்வின் ராபர்ட் கார்னீலியஸ். 1960 முதல் 1968 வரை பதவியில் இருந்தார். ஆக்ராவில் பிறந்து, கேம்பிரிட்ஜில் படித்து, ஐ.சி.எஸ். ஆனவர். 1955இல், கவர்னர் ஜெனரல் அரசியல் நிர்ணய சபையைக் கலைத்ததை எதிர்த்த வழக்கில் மற்ற நீதிபதிகள் அத்தனை பேரும் அரசுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னபோது, தனி ஆளாக மாற்றுத் தீர்ப்பு எழுதியவர் அவர்தான். பாகிஸ்தான் ஜனநாயகத்துக்காக எழுதப்பட்ட மிகச் சிறந்த தீர்ப்புகளில் ஒன்று ஒரு கிறிஸ்தவர் எழுதியது. அதே மாதிரி 1965 போரில் பெயர் வாங்கிய விமானி செசில் சவுத்ரி. இவர்களைக் காட்டித்தான் 'பார்த்தீர்களா, என்ன தடை?' என்று கேட்கிறார்கள். ஆனால் இவர்கள் படித்த, நகரத்துக் குடும்பங்களின் பிள்ளைகள். பைசலாபாத் பக்கத்துக் கிராமத்தில் பண்ணையாருடைய நிலத்தில் குடிசை போட்டிருப்பவனுக்கு கார்னீலியஸால் என்ன ஆயிற்று?

சரி, அரசியல் சட்டத்துக்கு வருவோம். 1947 ஆகஸ்ட் 11 அன்று ஜின்னா அரசியல் நிர்ணய சபையில் பேசியது பிரசித்தம். நீங்கள் உங்கள் கோயிலுக்கோ மசூதிக்கோ வேறு எந்த வழிபாட்டு இடத்துக்கோ போகலாம், உங்கள் மதமும் சாதியும் அரசின் காரியத்தோடு சம்பந்தப்பட்டவை அல்ல என்றார். இப்போது அந்த நாளைச் சிறுபான்மையினர் தினமாகவும் கொண்டாடுகிறார்கள். ஆனால் ஜின்னா அடுத்த ஆண்டே போய்ச் சேர்ந்துவிட்டார். 1949 மார்ச்சில், அரசியல் சட்டத்துக்கு அடிப்படை வகுக்கும் இலக்குத் தீர்மானம் வந்தது. இறையாண்மை அல்லாவுக்கே உரியது என்று தொடங்கும் அந்தத் தீர்மானத்தில், சிறுபான்மையினர் தங்கள் மதத்தைச் சுதந்திரமாகப் பின்பற்றத் தக்க ஏற்பாடு செய்யப்படும் என்றும் ஒரு வரி உண்டு. சபையில் இருந்த இந்து உறுப்பினர்கள் எதிர்த்துப் பார்த்தார்கள், நடக்கவில்லை.

இதில் ஒரு சின்ன விஷயம், எனக்கு மறக்கவே மறக்காத ஒன்று. 1985இல் ராணுவ ஆட்சியாளர் ஜியா உல் ஹக் அந்தத் தீர்மானத்தை எடுத்து அரசியல் சட்டத்தின் உடலுக்குள்ளேயே வைத்தார், 2ஏ பிரிவாக. வைக்கும்போது 'சுதந்திரமாக' என்ற ஒரு சொல் மட்டும் காணாமல் போயிருந்தது. சிறுபான்மையினர் தங்கள் மதத்தைப் பின்பற்ற ஏற்பாடு செய்யப்படும், அவ்வளவுதான். 25 ஆண்டுகள் அது அப்படியேதான் இருந்தது. 2010இல் 18ஆவது திருத்தத்தின்போதுதான் திரும்பச் சேர்த்தார்கள். ஒரே ஒரு சொல்தானே என்று தோன்றலாம். அந்த 25 ஆண்டுகளில் என்னென்ன நடந்தது என்று பார்த்தால் அப்படித் தோன்றாது.

மற்றபடி காகிதத்தில் நிலைமை இது: 20ஆவது பிரிவு மத சுதந்திரம் தருகிறது, 25ஆவது பிரிவு குடிமக்கள் எல்லோரும் சட்டத்தின் முன் சமம் என்கிறது, 36 சிறுபான்மையினரைப் பாதுகாக்கச் சொல்கிறது. அதே புத்தகத்தில் 41ஆவது பிரிவு, ஜனாதிபதி முஸ்லிமாகத்தான் இருக்க வேண்டும் என்கிறது, 91 பிரதமரும் அப்படியே என்கிறது. இங்கே ஒருவர் வந்து 'இங்கிலாந்திலும் ராஜா கத்தோலிக்கராக இருக்க முடியாதே' என்பார். சரிதான், அதுவும் பழங்காலத்து அநியாயம்தான், ஆனால் அங்கே பிரதமர் நாற்காலிக்கு மத நிபந்தனை இல்லை. தன் பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் இரண்டு நாற்காலிகளில் உட்கார முடியாது என்று பிள்ளை பள்ளிப் புத்தகம் படிக்கும் வயதிலேயே ஒரு அப்பாவுக்குத் தெரிந்துவிடுகிறது என்றால், 25ஆவது பிரிவை அவர் எப்படி நம்புவார்?

ஆனால் ஜனாதிபதி ஆக முடியவில்லை என்று யாரும் ஊரைவிட்டு ஓடுவதில்லை. ஓடவைப்பது மத நிந்தனைச் சட்டம். அதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

அடிப்படை பிரிட்டிஷ்காரன் போட்டது. 1927இல் தண்டனைச் சட்டத்தில், மத உணர்வைப் புண்படுத்துவதைக் குற்றமாக்கும் 295-ஏ பிரிவு வந்தது, லாகூரில் நபிகளைப் பற்றி வெளியான ஒரு புத்தகத்தால் எழுந்த கலவரச் சூழலில். இந்தியாவிலும் அது இன்றுவரை இருக்கிறது. அதில் 'வேண்டுமென்றே, கெட்ட எண்ணத்தோடு' செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. ஜியா காலத்தில் 1982இல் 295-பி சேர்ந்தது, குர்ஆனை அவமதித்தால் ஆயுள். 1986இல் 295-சி, நபிகளை அவமதித்தால் மரணம் அல்லது ஆயுள். 1990இல், சட்டங்கள் இஸ்லாத்துக்கு ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும் ஷரியத் நீதிமன்றம் அந்த 'ஆயுள்' கூடாது, மரணம் மட்டுமே என்றது. 295-சியின் வாசகத்தைப் படித்துப் பாருங்கள். பேச்சால், எழுத்தால், சாடையால், மறைமுகமாக என்று எல்லாம் இருக்கிறது, வேண்டுமென்றே செய்திருக்க வேண்டும் என்ற அந்த நிபந்தனை மட்டும் இல்லை. அதோடு, அவர் என்ன சொன்னார் என்று கோர்ட்டில் திரும்பச் சொன்னால் அதுவே நிந்தனை ஆகிவிடும் என்ற பயம் வேறு. சாட்சி சொல்லத் தயங்குவார், நீதிபதி கேட்கத் தயங்குவார். 1986க்கு முன்னால் இந்த வழக்குகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதற்குப் பிறகு ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மீது. எண்ணிக்கையில் பார்த்தால் குற்றம் சாட்டப்பட்டவர்களில் முஸ்லிம்களே அதிகம், அதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் நூற்றுக்கு ஒன்றரைப் பேர்கூட இல்லாத கிறிஸ்தவர்களின் பங்கு அவர்கள் தொகைக்குப் பல மடங்கு.

இது ஒரு கிராமத்தில் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஆசியா பீபி வழக்கு. 2009 ஜூன் 14, இட்டான்வாலி என்ற ஊர். ஃபால்சா என்று ஒரு பழம் உண்டு, சின்னச் சின்னதாக ஊதா நிறத்தில், வெயில் காலத்தில் பறிப்பது. ஒரு பண்ணையில் பெண்கள் கூலிக்கு அதைப் பறித்துக்கொண்டிருந்தார்கள். பஞ்சாபின் ஜூன் மாத வெயில் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆசியா பீபி தண்ணீர் கொண்டுவந்தார். கூட வேலை செய்த இரண்டு சகோதரிகள், கிறிஸ்தவப் பெண் தொட்ட தண்ணீரைக் குடிக்க மாட்டோம் என்றார்கள். வாய்ச்சண்டை ஆயிற்று. அவ்வளவுதான் நடந்தது. ஐந்து நாள் கழித்து, அந்தச் சகோதரிகள் யாரிடம் குர்ஆன் படித்தார்களோ அந்தப் பெண்மணியின் கணவர், ஊர் மதகுரு, போலீஸில் புகார் கொடுத்தார். நபிகளை நிந்தித்தாள், ஊர்க் கூட்டத்தில் ஒப்புக்கொண்டாள் என்று.

அந்த ஊர்க் கூட்டத்தைச் சுப்ரீம் கோர்ட் பின்னால் பிரித்து மேய்ந்தது. கூட்டத்தில் எத்தனை பேர் என்று கேட்டால் ஒரு சாட்சி நூறு என்கிறார், இன்னொருவர் ஆயிரம், மற்றொருவர் இரண்டாயிரம். யார் வீட்டில் நடந்தது என்பதிலும் ஆளுக்கு ஒரு பதில். ஒரு சின்ன வீட்டுக்குள் இரண்டாயிரம் பேர் எப்படி நின்றார்கள் என்று யாரும் யோசிக்கவில்லை. இது தெரிய ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. 2010 நவம்பரில் மரண தண்டனை, 2014இல் லாகூர் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது, 2018 அக்டோபர் 31 அன்றுதான் விடுதலை. நடுவில் அவருக்காகப் பேசிய பஞ்சாப் கவர்னர் சல்மான் தசீரை 2011 ஜனவரி 4 அன்று அவருடைய மெய்க்காவலரே சுட்டுக் கொன்றார். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, மார்ச் 2 அன்று சிறுபான்மையினர் நல அமைச்சர் ஷாபாஸ் பட்டியைக் கொன்றார்கள். மத்திய அமைச்சரவையில் இருந்த ஒரே கிறிஸ்தவர் அவர்தான். விடுதலைத் தீர்ப்பு வந்ததும் நாடு பூராவும் சாலை மறியல், நீதிபதிகளைக் கொல்லச் சொல்லி மேடைப் பேச்சு. ஆசியா பீபி 2019இல் கனடா போய்ச் சேர்ந்தார். நிரபராதி என்று நாட்டின் உச்ச நீதிமன்றமே சொன்ன ஒரு பெண்ணால் அந்த நாட்டில் வாழ முடியவில்லை.

கீழ்க்கோர்ட்டுகள் ஏன் தண்டித்துவிடுகின்றன என்று கேட்பீர்கள். 1993இல் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கிறிஸ்தவச் சிறுவன் மசூதிச் சுவரில் நிந்தனை எழுதினான் என்று வழக்கு. 1995இல் லாகூர் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. அந்த அமர்வில் இருந்த நீதிபதி ஆரிஃப் இக்பால் பட்டியை 1997இல் அவருடைய அலுவலக அறையிலேயே சுட்டுக் கொன்றார்கள். அதற்கப்புறம் எந்த மாவட்ட நீதிபதி துணிந்து விடுதலை எழுதுவார்? மேலே போய்ப் பார்த்துக்கொள்ளட்டும் என்று தண்டித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். 1998 மே 6 அன்று பைசலாபாத் ஆயர் ஜான் ஜோசப், ஒரு கிறிஸ்தவ இளைஞனுக்கு மரண தண்டனை கொடுத்த சாஹிவால் நீதிமன்றத்தின் வாசலில் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு இறந்தார். கத்தோலிக்க ஆயர் ஒருவர் அப்படிச் செய்வது எவ்வளவு பெரிய விஷயம் என்று திருச்சபையை அறிந்தவர்களுக்குத் தெரியும். நான்கு ஆண்டு கழித்துச் சுப்ரீம் கோர்ட் அந்த இளைஞனை விடுவித்தது. புகார் கொடுத்தவர் குறிவைத்தது அந்தக் குடும்பத்தின் வீட்டு மனையை என்று வக்கீல் காட்டினார். கடன், மனை, கூலி, பெண், கிணறு என்று எந்தத் தகராறிலும் ஒரு பக்கத்துக்காரன் கையில் மட்டும் இப்படி ஓர் ஆயுதம் இருந்தால் இரண்டு பக்கமும் சமமாக எப்படிப் பேச முடியும்? கேஸ் போடக்கூட வேண்டாம், 'போட்டுவிடுவேன்' என்றால் போதும்.

ஓட்டுரிமைக்கு வருகிறேன். 1985இலிருந்து 2002 வரை தனி வாக்காளர் முறை இருந்தது. கிறிஸ்தவர் கிறிஸ்தவ வேட்பாளருக்குத்தான் ஓட்டுப் போடலாம். கேட்பதற்கு உரிமை மாதிரி இருக்கும். நடைமுறையில் என்ன ஆயிற்று என்றால், அந்தத் தொகுதியின் எம்.பி.க்கு இவர்கள் ஓட்டு தேவையே இல்லை, அதனால் இவர்கள் குடியிருப்பில் சாக்கடை உடைந்தாலும் அவர் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. கிறிஸ்தவ எம்.பி.க்கோ தேசம் முழுவதும் ஒரே தொகுதி, அவர் எந்தச் சாக்கடையைப் பார்ப்பார்? பின்னால் வந்த ராணுவ ஆட்சியாளர் முஷாரஃப் அதை ஒழித்தது நல்ல காரியம். நான் முன்னால் சொன்ன செசில் சவுத்ரி அதற்காக வருடக்கணக்கில் அலைந்தவர். இப்போது பொதுத் தொகுதியில் எல்லோரோடும் ஓட்டுப் போடுகிறார்கள், கூடவே 336 பேர் கொண்ட தேசிய சபையில் 10 ஒதுக்கீட்டு இடங்கள். ஆனால் அந்த 10 பேரை சிறுபான்மையினர் தேர்ந்தெடுப்பதில்லை, கட்சிகள் பட்டியல் போட்டு நியமிக்கின்றன. கட்சித் தலைவருக்குத்தான் நன்றியோடு இருப்பார்கள், இது மனித சுபாவம்.

வேலை விஷயத்தில் 2009இல் மத்திய அரசுப் பணிகளில் 5 சதவீத ஒதுக்கீடு வந்தது. காகிதத்தில் அருமை. இன்னொரு பக்கம் நகராட்சி விளம்பரம் வரும்: துப்புரவுப் பணியாளர் தேவை, முஸ்லிம் அல்லாதவர் மட்டும். ஒதுக்கீட்டில் எந்த இடங்கள் நிரம்புகின்றன, எவை காலியாகவே கிடக்கின்றன என்று நீங்களே யூகித்துக்கொள்ளலாம். 2017 ரமலான் மாதம் சிந்து மாகாணம் உமர்கோட்டில் சாக்கடைக் குழிக்குள் மயங்கிய கிறிஸ்தவத் தொழிலாளி ஒருவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். உடம்பெல்லாம் சாக்கடை, நாங்கள் நோன்பில் இருக்கிறோம், கழுவிக்கொண்டு வாருங்கள் என்று டாக்டர்கள் தொட மறுத்ததாகக் குடும்பத்தார் புகார் செய்தார்கள். அவர் இறந்துவிட்டார்.

குடும்பச் சட்டத்தை யாரும் அதிகம் பேசுவதில்லை. திருமணம் 1872ஆம் வருடச் சட்டம், விவாகரத்து 1869. ஜியா அதிலும் கை வைத்து ஒரு பிரிவை எடுத்துவிட்டதால், கிறிஸ்தவக் கணவன் விவாகரத்து வேண்டுமானால் மனைவி மீது கள்ள உறவுப் பழி போட்டே ஆக வேண்டும் என்ற நிலை. முப்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து லாகூர் உயர் நீதிமன்றம்தான் அந்தப் பிரிவை மீட்டது. இதில் எதிர்த்தவர்களில் சர்ச் தலைவர்களும் உண்டு, எல்லாப் பழியையும் முல்லாக்கள் மேலேயே போட்டுவிட முடியாது. சிறுமிகளைக் கடத்தி மதம் மாற்றி நிக்காஹ் செய்வது இதைவிடக் கொடுமை. பிறப்புச் சான்றிதழில் 13 வயது என்று இருக்கும், மதமாற்றச் சான்றிதழ் 18 என்று சொல்லும். 2016இல் சிந்து சட்டசபை இதைத் தடுக்க ஒரு மசோதாவை நிறைவேற்றியது. மதக் கட்சிகளின் மிரட்டலில் அது சட்டமாகாமலே போயிற்று. முஸ்லிம் ஆவது ஒரு நாள் வேலை, அதன் பிறகு அடையாள அட்டையில் மதத்தைத் திருப்பி மாற்றுவது நடைமுறையில் முடியாத காரியம். ஒரு பக்கம் மட்டும் திறக்கும் கதவை மத சுதந்திரம் என்று எப்படிச் சொல்வது?

இதையெல்லாம் படித்துவிட்டு 'இஸ்லாம் என்றாலே இப்படித்தான்' என்று யாராவது கிளம்பினால் அவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. தசீர் முஸ்லிம். கொலையுண்ட நீதிபதி முஸ்லிம். ஆசியா பீபிக்கு வாதாடிவிட்டு உயிருக்குப் பயந்து சில காலம் நாட்டைவிட்டே போன வக்கீல் சைஃபுல் மலூக் முஸ்லிம். விடுதலைத் தீர்ப்பில் நீதிபதி கோசா, சினாய் மலைக் கிறிஸ்தவத் துறவிகளுக்கு நபிகள் தந்ததாகச் சொல்லப்படும் பாதுகாப்புச் சாசனத்தையே எடுத்துக் காட்டி, புகார் சொன்ன தரப்பு செய்ததும் நிந்தனைக்குக் குறைந்ததல்ல என்று எழுதினார். பெஷாவர் சர்ச்சில் 2013 செப்டம்பரில் குண்டு வெடித்து எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்த பிறகு, 2014 ஜூனில் தலைமை நீதிபதி தசத்துக் உசேன் ஜிலானி எழுதிய தீர்ப்பு இன்றுவரை சிறுபான்மையினர் கையில் உள்ள மிகப் பெரிய ஆவணம். பாடத்திட்டத்தைத் திருத்துங்கள், வழிபாட்டு இடங்களுக்குத் தனிக் காவல் படை அமையுங்கள், தேசியக் கவுன்சில் அமையுங்கள், 5 சதவீதத்தை நிரப்புங்கள் என்று வரிசையாக உத்தரவு. நிறைவேறவில்லை என்று சுப்ரீம் கோர்ட்டே 2019இல் ஒருநபர் கமிஷன் போட வேண்டிவந்தது. இந்த ஊர்களில் சட்டத்துக்குப் பஞ்சம் இல்லை, செய்கிற ஆளுக்குத்தான் பஞ்சம்.

ஜரன்வாலாவைச் சொல்லி முடிக்கிறேன். 2023 ஆகஸ்ட் 16, பைசலாபாத் மாவட்டம். குர்ஆன் பக்கங்கள் கிழிந்து கிடந்தன, இரண்டு கிறிஸ்தவ சகோதரர்கள் செய்தார்கள் என்று மசூதி ஒலிபெருக்கியில் அறிவிப்பு. 20க்கும் மேற்பட்ட சர்ச்சுகளும் 80க்கும் மேற்பட்ட வீடுகளும் எரிந்தன. யாரும் சாகவில்லை, ஏனென்றால் ஜனங்கள் முன்பே கரும்புக் காட்டுக்குள் ஓடிவிட்டார்கள், எங்கே ஓடுவது என்று தெரிந்துவைத்திருக்கிறார்கள். அந்தச் சகோதரர்களைச் சொந்தப் பகையில் மாட்டிவிட்டிருக்கிறார்கள் என்று பின்னர் போலீஸே சொன்னது. நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கைது செய்தார்கள், மெல்ல மெல்லப் பெரும்பாலோர் ஜாமீனில் வெளியே வந்துவிட்டார்கள். 2024 ஜூலையில் சாஹிவால் நீதிமன்றம் இது தொடர்பாக ஒருவருக்கு மரண தண்டனை கொடுத்தது. சர்ச்சை எரித்தவருக்கு அல்ல. கிழிந்த பக்கங்களின் படத்தை டிக்டாக்கில் மறுபடி பகிர்ந்த கிறிஸ்தவ இளைஞர் ஒருவருக்கு.